ஆயில் சீலின் உதடு

பட்டறைகளில் ஆயில் சீல் மாற்றுவதைச் சில்லறை வேலை என்பார்கள். என்ஜினை இறக்குவதும் கியர்பாக்ஸைப் பிரிப்பதும் பெரிய வேலை. சீல் மாற்றுவது சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட வேண்டியது. எனக்கோ, காருக்கு அடியில் நடக்கும் வேலைகளில் இவ்வளவு நுட்பம் செறிந்தது வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. அதிலும், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஆக்சில் தண்டு, இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் பெட்டிக்குள் நுழையும் வாயிலில் இருக்கிற சீல். உள்ளே எண்ணெய், வெளியே புழுதியும் மழைநீரும், நடுவே சுழன்றபடி ஓர் எஃகுத் தண்டு. இவை மூன்றும் சந்திக்கும் இடத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம்.

ஒரு குறிப்பிட்ட வண்டியை மனதில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.6 லிட்டர் என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதலில் உலகுக்குக் காட்டப்பட்ட வண்டி இது. அதே ஆண்டு ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஹிரோஷிமாவில் பிறந்த இந்த இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் வரிசையில் பத்து லட்சமாவது வண்டி 2016-இல் வெளிவந்தது. ஆட்டோமேட்டிக் பொருத்திய எம்எக்ஸ்-5-ஐக் கொஞ்சம் குறைவாக மதிப்பிடும் ரசிகர்கள் உண்டு. கிளட்ச் மிதிக்காமல் ஓட்டுவதில் என்ன சுவை என்பது அவர்கள் கட்சி. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வரும்போது ஆட்டோமேட்டிக் வண்டி நமக்கு ஓர் உதவி செய்கிறது.

அந்த உதவி நிறம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஓடும் எண்ணெய் சிவப்பு. டிஃபரென்ஷியலில் இருக்கும் கியர் ஆயில் புதிதில் தேன் நிறம், பழகியபின் கரும்பழுப்பு. ஓடும் வண்டியின் அடியில் காற்று முன்னிருந்து பின்னுக்கு வீசுவதால், கியர்பாக்ஸின் வால்பக்கம் கசியும் எண்ணெய் பின்னோக்கிப் படர்ந்து டிஃபரென்ஷியல் பெட்டியையும் நனைத்துவிடும். கைமுறை கியர் வண்டியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கும்; எது எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டியதுதான். இங்கே ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு மூக்கு இருக்கிறது. கியர் ஆயிலின் வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த கூட்டுப்பொருள்கள் அதில் உண்டு. அவை இல்லாமல் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் ஹைபாய்டு பற்கள் பிழைக்காது. ரோச்செஸ்டரின் கிளீசன் நிறுவனம் 1920-களில் உருவாக்கி, பாக்கார்ட் கார்களில் முதலில் புகழ்பெற்ற பல்லமைப்பு இது. பினியன் என்ற சிறு பல்சக்கரத்தின் அச்சு, அது சுழற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் நடுவை விட்டுக் கீழே இறங்கியிருக்கும். அதனால் கியர்பாக்ஸிலிருந்து பினியனுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்கிறது, காரின் தரை தாழ்கிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கு அது வரம். அதற்கு விலையும் உண்டு: பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் நீளவாட்டில் வழுக்கித் தேய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிய்ந்துபோகும். கந்தகக் கூட்டுப்பொருள் சூட்டில் எஃகோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் பூச்சாகப் படிகிறது. தரையில் சொட்டிய ஒரு துளியின் வாடைக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். ஆக்சிலின் உள்முனையில் இருக்கும் இணைப்பு ரப்பர் உறைக்குள் கிரீஸோடு இருக்கும். அந்த உறை கிழிந்தாலும் சுற்றிலும் கறுப்பாகத் தெறிக்கும். ஆனால் கிரீஸ் தெறித்த இடத்திலேயே கட்டியாக நிற்கும். கியர் ஆயில் வழியும். விரலிடையில் தேய்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரிந்துவிடும். சீல்தான் கசிகிறது என்றால், ஆக்சில் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்கு நேர்மேலே, காரின் அடித்தகட்டில் ஒரு கோடாக எண்ணெய் தெறித்திருக்கும். சுழலும் தண்டு தன் கசிவைத் தானே வரைந்து காட்டுகிறது. அந்தக் கோட்டின்மேல் புழுதி ஒட்டிக் கறுத்துத் தடித்திருந்தால் கசிவு பழையது. நன்றாகக் கழுவித் துடைத்து, சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்ப்பதே நேர்மையான நோயறிதல். அதைச் செய்யாமல் ஸ்பேனரை எடுப்பவர்மேல் எனக்கு மரியாதை வருவதில்லை.

இனி அந்த வளையத்தைக் கையில் எடுப்போம்.

வெளிவட்டம் தகட்டு எஃகு. அதற்குள் ரப்பர், வெளியில் தடித்து, உள்நோக்கி மெலிந்து, கடைசியில் ஒரு விளிம்பாக முடிகிறது. அதுதான் உதடு. உதட்டின் முதுகில் ஒரு பள்ளம், பள்ளத்தில் மயிரிழை போன்ற எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்த வட்டச் சுருள்வில். அந்த வில்லைக் கழற்றிப் பார்த்தவர்கள் குறைவு, பார்க்க வேண்டும். நீளமான ஒரு சுருள்தான் அது. அதன் ஒரு முனை கூம்பாக ஒடுங்கியிருக்கும். அந்தக் கூம்பை மறுமுனைக்குள் திருகிவிட்டால் வட்டமாகிறது. பற்றவைப்பு இல்லை, கொக்கி இல்லை. வட்டத்தில் எங்கேயும் இணைப்பு துருத்தாது. தண்டைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம்.

உதட்டைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் அது ஓர் ஆப்பு வடிவம். எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாக, ஏறத்தாழ 45 பாகையில் எழும். காற்றுப் பக்கம் அதைவிடப் படுத்து, 25 பாகை அளவில் சரியும். உதடு தண்டைத் தொடும் பட்டையின் அகலம் புதிதில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வில்லோ உதட்டின் விளிம்புக்கு நேர்மேலே உட்காருவதில்லை. சற்றே காற்றுப் பக்கம் தள்ளி உட்காரும். வரைபடத்தில் பார்த்தால் வரைந்தவரின் கை தவறியதோ என்று தோன்றும். இந்த இரண்டு சாய்வுகளும் அந்தச் சிறு விலகலும் சேர்ந்துதான் இந்த வளையத்தின் உயிர். எப்படி என்பதை உலகம் மெல்லத்தான் புரிந்துகொண்டது.

தொடக்கத்தில் இந்த வேலையைத் தோல் செய்தது. ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில் 1849 முதல் தோல் பதனிட்டுவந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனத்தில் வால்தர் சிம்மர் என்ற பொறியாளர் 1930-களின் தொடக்கத்தில் தோல் உதட்டைத் தகட்டுக் கூட்டுக்குள் பொருத்தி ஒரே உருப்படியாக்கினார். அமெரிக்காவிலும் சிகாகோ ராஹைட் என்ற தோல் நிறுவனம் இதே வழியில் சீல்களுக்கு வந்து சேர்ந்தது. தோல் எண்ணெயைக் குடிக்கும், தன் ஈரத்தால் தண்டைத் தேய்க்காமல் காக்கும். ஆனால் சூடு தாங்காது. எண்ணெயில் ஊறிக் கெடாத நைட்ரைல் ரப்பர் 1930-களிலேயே வந்ததும் தோல் மெல்ல விலகியது. இன்னும் அதிக சூட்டைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பரை டூபாண்ட் நிறுவனம் 1957-இல் வைட்டான் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது.

அதே 1957-இல் லண்டனில் மசகும் தேய்மானமும் பற்றி ஒரு மாநாடு நடந்தது. ரப்பர் உதடு தண்டை இறுக்கி அடைப்பதால்தான் எண்ணெய் நிற்கிறது என்ற எண்ணத்தை அங்கே ஈ. டி. ஜாகர் அசைத்துப் பார்த்தார். ஓடும்போது உதடு தண்டைத் தொடுவதில்லை, நடுவில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது என்றார். படலத்தின் தடிமன் மைக்ரான் கணக்கு; மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு. தோசைக்கல்லில் துணியால் ஒற்றி எடுத்த எண்ணெயைப் போல: இல்லாவிட்டால் ஒட்டிக் கருகும், மிஞ்சினால் வழியும். உதடு அப்படி ஒரு படலத்தின்மேல் மிதக்கிறது.

இதைக் கேட்டதும் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நடுவில் எண்ணெய் நிற்கிறது என்றால், அது ஏன் வெளியே வரவில்லை? பின்வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக ஜப்பானியரும் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தாரும், சீலைத் திருப்பிப் பொருத்திப் பார்த்தார்கள். எண்ணெய் கசியவில்லை, வெளியே இறைக்கப்பட்டது. காற்றுப் பக்கத்தில் ஒரு துளி எண்ணெய் வைத்தால் சரியாகப் பொருத்திய சீல் அதை உறிஞ்சி உள்ளே அனுப்பியது. அதாவது இந்த வளையம் வெளியிலிருந்து உள்நோக்கி ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கும் பம்பு. எண்ணெய் வெளியே எட்டிப்பார்க்க முயல்கிறது. உதடு அதை நொடிக்கு நொடி வீட்டுக்குள் அனுப்பிவைக்கிறது.

அதன் இயக்கம் இன்னும் அழகு. புது உதடு சில மணி நேர ஓட்டத்தில் நுண்ணளவு தேய்ந்து, அதன் பரப்பில் நுண்மேடுகள் வெளிப்படும். சுழலும் தண்டு அந்த மேடுகளைச் சுழலும் திசையில் இழுக்கும். அழுத்தம் மிகுந்த இடத்தில் அதிகம் இழுபடும்; அந்த உச்சம், சாய்வுகளின் வேறுபாட்டாலும் வில் விலகி உட்கார்ந்ததாலும், எண்ணெய்ப் பக்கத்தை ஒட்டி அமைகிறது. ஆக, இழுபட்ட மேடுகள் உச்சத்துக்கு இருபுறமும் எதிரெதிராகச் சாய்ந்த வரிகளாகின்றன. காற்றுப் பக்க வரிகள் நீளம், எண்ணெய்ப் பக்க வரிகள் குட்டை. இரண்டும் எண்ணெயை எதிரெதிர்த் திசையில் தள்ள, நீண்டவை வெல்கின்றன; எண்ணெய் உள்ளே போகிறது. வண்டியை ரிவர்ஸில் எடுத்தால்? மேடுகள் மறுபுறம் இழுபடும், வரிகள் மறுபுறம் சாயும். இறைப்பு அப்போதும் உள்நோக்கியே. எந்தத் திசையில் சுழன்றாலும் வேலை மாறாத பம்பு இது. இதற்கு மேல் உதவி வேண்டும் என்று சில சீல்களில் காற்றுப் பக்கம் சாய்ந்த வரிகளை வார்த்தே வைப்பார்கள். அவை ஒரு திசைக்கு மட்டும். வெளியிலிருந்து பார்த்தால் இடப்பக்க ஆக்சிலும் வலப்பக்க ஆக்சிலும் எதிரெதிராகச் சுழல்வதால், அத்தகைய சீலில் இடது வேறு, வலது வேறு; முகப்பில் அம்புக்குறி பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் தட்டி ஏற்றினால் புதுச் சீலே ஒழுகும்.

இவ்வளவு செய்யும் உதடு எவ்வளவு உழைக்கிறது என்று கணக்குப் போடலாம். இந்த எம்எக்ஸ்-5-இன் டயர் அளவு 185/60 ஆர்14. சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 550 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஐந்தரைக் கோடி சுற்று. சீல் உட்காரும் கழுத்தின் விட்டம் 35 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உதட்டின் அடியில் அதற்குள் ஆறாயிரம் கிலோமீட்டர் எஃகு ஓடிப்போயிருக்கும். ஆனால் வேகம் மிகக் குறைவு. கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போதும் உதட்டடியில் தண்டின் வேகம் நொடிக்கு 1.7 மீட்டர்தான். நைட்ரைல் உதடு அதைப்போல் பல மடங்கைத் தாங்கும். பினியன் சீலைவிடவும் கிராங்க் சீலைவிடவும் ஆக்சில் சீலுக்கு ஓட்டம் எளிது.

அதனால் இதைக் கொல்வது வேகம் இல்லை. நிற்பதும் வயதும் அழுக்கும்தான். ஸ்போர்ட்ஸ் கார்கள் பல மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். படலம் வடிந்து, உதடு ஒரே இடத்தில் தண்டோடு ஒட்டிக்கிடக்கும். முப்பது வருட நைட்ரைல் கெட்டித்துப்போய் வளைந்துகொடுக்கும் குணத்தை இழக்கும். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டராக இருந்த தொடுபட்டை தேய்ந்து அகன்று, அழுத்தத்தின் உச்சம் மழுங்கிவிடும். உச்சம் போனால் இறைப்பு போயிற்று.

சீலைக் குறைசொல்லும் முன் பார்க்க வேண்டியது ஒன்று: பெட்டியின் தலையில் இருக்கும் பிரீதர். சின்னஞ்சிறு மூடியோடு கூடிய மூச்சுவழி. அது சேற்றால் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக்கில்லை. 25 பாகையிலிருந்து 85 பாகைக்குச் சூடேறினால் அடைபட்ட காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அந்த அழுத்தம் எண்ணெயை வெளியே தள்ளும், உதட்டைத் தண்டின்மேல் இறுக்கித் தேய்க்கவும் செய்யும். வண்டி ஆறும்போது நேர்மாறாக, வெளியிலிருந்து ஈரத்தை உள்ளே இழுக்கும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீல் மாற்றுவது வீண். சீல் ஊத வைக்கும் மருந்துகளை எண்ணெயில் கலப்பதையும் நான் ஏற்கமாட்டேன். அவை ரப்பரைச் சற்று உப்பவைத்து மென்மையாக்கும்; தேய்ந்த விளிம்பை மீட்டுத் தராது.

இனி வேலை. காரைத் தூக்குவதிலேயே ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கியரை ‘பி’-யில், அதாவது பார்க்கில், போட்டுவிட்டால் வண்டி நகராது என்ற பழக்கம் கையில் ஊறியிருக்கும். ‘பி’ பூட்டுவது கியர்பாக்ஸின் வெளித்தண்டை, சக்கரங்களை இல்லை. சாதாரணத் திறந்த டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், தரையில் இருக்கும் மற்றது தாராளமாக உருளலாம். அது உருள உருள, தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று இடம்கொடுக்கும். ஒரு பக்கம் போவது மறுபக்கம் திரும்பி வரவேண்டும் என்பதுதானே டிஃபரென்ஷியலின் கணக்கு. எதைப் பழுதுபார்க்கப் போகிறோமோ அந்தப் பெட்டியே ‘பி’-யின் பிடியை விடுவித்துவிடுகிறது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, ஜாக்கிக்குத் துணையாக ஸ்டாண்ட். இதில் சமரசம் கிடையாது.

எண்ணெய் வடிக்கும் முன் ஊற்றும் துளையின் போல்ட்டைத் திறக்க வேண்டும். பலர் வடிகால் போல்ட்டைத்தான் முதலில் தொடுவார்கள். முழுதும் வடித்தபின் ஊற்றுத் துளை துருப்பிடித்துத் திறக்கவில்லை என்று தெரிந்தால், எண்ணெய் இல்லாத வண்டி அங்கேயே நிற்கும். வடிகால் போல்ட்டின் காந்தமுனையில் சாம்பல் நிறக் குழைவு படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். செதில் செதிலாக இரும்பு வந்தால் கதை வேறு. அப்போது சீல் இரண்டாம்பட்சம். எண்ணெய் புதிதாக இருந்தால் வடிக்காமலும் செய்யலாம்: கசியும் பக்கத்தை மட்டும் உயரத் தூக்கினால் எண்ணெய் மறுபக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த வண்டியின் பின்சஸ்பென்ஷன் அமைப்பில் ஒரு தாராளம் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் நிமிர்த்தியின் போல்ட்டைக் கழற்றி வெளியே சாய்த்தால், ஆக்சிலின் உள்முனை வெளிவர இடம் கிடைத்துவிடுகிறது. டிஃபரென்ஷியல் பெட்டியை அசைக்கவே வேண்டாம். அசைக்கவும் கூடாது என்பது என் கருத்து. கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் முதுகெலும்பாக இணைத்து நிற்கும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இந்தக் காரின் பெருமை. அதைக் கழற்றினால் மறுபடி அளந்து நேராக்கிப் பூட்ட வேண்டும். ஒரு வளையத்துக்காக அவ்வளவு கலைக்கத் தேவையில்லை.

1.6 லிட்டர் வண்டியில் ஆக்சிலின் உள்முனை நேரே பெட்டிக்குள் செருகி நிற்கும். பல்வரியின் நுனியில் ஒரு காடி, அதில் கம்பியாலான சர்க்கிளிப். உள்ளே போகும்போது சுருங்கி, அந்தப் பக்கம் போனதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். வெளியே எடுக்கத் தண்டைப் பிடித்து இழுத்தால், உறைக்குள் இருக்கும் மூன்றுருளை இணைப்புதான் பிரிந்து வரும். நெம்ப வேண்டியது இணைப்பின் கூட்டை; எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கடப்பாறைகளை வைத்து ஒரே நேரத்தில் ஒரு வெட்டு. கிளிப் சுருங்கி ‘டக்’கென்று விடுபடும். மெதுவாக அழுத்தினால் வராது. வெடுக்கென்ற அந்த அசைவுதான் வேண்டும். வெளிவரும் கணத்தில் கூட்டின் எடையைக் கையில் ஏந்திக்கொள்ளாவிட்டால் தண்டு தொங்கி உறையைக் கிழித்துவிடும்.

இப்போது தண்டின் கழுத்து கையில் இருக்கிறது. இந்த வேலையிலேயே நான் அதிகம் நேரம் செலவிட விரும்பும் இடம் இது. பழைய உதடு ஓடிய தடம் பளபளக்கும் வட்டமாகத் தெரியும். ரப்பர் எஃகைத் தேய்க்குமா என்று வியப்பு வரும். ரப்பரில் பதிந்த நுண்மணலும் ஆண்டுகளும் தேய்க்கும். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் மினுக்கம் என்றால் கவலையில்லை. நகம் இடறினால் அது பள்ளம். புது உதடு அதில் நிற்காது.

அப்போது கை தானாக உப்புத்தாளைத் தேடும். அங்கேதான் நிதானம் வேண்டும். சீல் ஓடும் எஃகுப் பரப்பு கண்ணாடியாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. அதன் சொரசொரப்புக்கு 0.2 முதல் 0.8 மைக்ரான் வரை என்று அளவே வகுத்திருக்கிறார்கள். அதைவிட மழமழப்பானால் எண்ணெய்ப் படலம் ஒட்டி நிற்க இடமில்லை, உதடு உலர்ந்து எரியும். அளவைவிட முக்கியம் கீறல்களின் திசை. தொழிற்சாலையில் இந்தக் கழுத்தைச் சாணை பிடிக்கும்போது சாணைக்கல்லை நேராக உள்ளே மட்டும் செலுத்துவார்கள். பக்கவாட்டில் நகர்த்தவே மாட்டார்கள். நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத மரை ஒன்று தண்டின்மேல் விழுந்துவிடும். சுழலும் தண்டில் மரை என்றால் அதுவும் ஒரு பம்பு, உதட்டின் பம்புக்கு எதிராக வேலை செய்யக்கூடியது.

அந்த மரை இருக்கிறதா என்று சோதிக்கும் முறை என்னை மயக்கியது. தண்டைக் கிடையாகப் பிடித்து மெல்லச் சுழலவிட்டு, லேசாக எண்ணெய் பூசி, ஒரு நூலில் சிறு எடையைக் கட்டி அதன்மேல் தொங்கவிடுவார்கள். நூல் நின்ற இடத்தில் நின்றால் பரப்பு சுத்தம். தண்டு சுழலச் சுழல நூல் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினால் மரை இருக்கிறது என்று பொருள். மைக்ரான் அளவுக் கோளாறைக் காட்டிக்கொடுக்க ஒரு முழ நூல் போதும்! பட்டறையில் உப்புத்தாள் பிடிப்பவருக்கு இதிலிருந்து கிடைப்பது இதுதான்: நுண்ணிய தாளைக் கழுத்தைச் சுற்றி வட்டமாக மட்டும் ஓட்ட வேண்டும். நீளவாட்டில் ஓர் இழுப்புகூடக் கூடாது. குறுக்காக விழுந்த ஒற்றைக் கீறல் எண்ணெய்க்கு நிரந்தரப் பாதை. பள்ளம் ஆழமாக இருந்தால் தண்டை மாற்றலாம், அல்லது 0.28 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எஃகு உறையைக் கழுத்தின்மேல் ஏற்றிப் புதுப் பரப்பு தரலாம். அத்தனை மெல்லிய உறை என்பதால் அதே அளவுச் சீலே பொருந்தும்.

பழைய சீலைக் கழற்றும் முன், அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. பிறகு கொக்கிக் கருவியால் உள்ளிருந்து வெளிநோக்கி நெம்பி எடுக்கலாம். ஸ்குரூ டிரைவரால் குத்தி எடுப்பவர்கள் பெட்டியின் துளைச்சுவரைக் கீறிவிடுவார்கள். அலுமினியமோ வார்ப்பிரும்போ, அந்தக் கீறல் வழியாகச் சீலின் வெளிவட்டத்தைச் சுற்றிக்கொண்டு எண்ணெய் வரும். எல்லோரும் உதட்டைச் சந்தேகிப்பார்கள். குற்றவாளி முதுகுப்பக்கம் இருப்பான்.

புதுச் சீலை ஏற்றுவதற்கு முன், வில் இருக்கும் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸை அப்பிவைக்க வேண்டும். சுத்தியல் அதிர்வில் வில் துள்ளி வெளியே வந்துவிடும். வந்தது உள்ளே இருட்டில் தெரியாது. கிரீஸ் அதைப் பிடித்து வைக்கிறது. உதட்டில் கியர் ஆயில் தடவ வேண்டும், முதல் சுற்றிலேயே படலம் கிடைக்க. புழுதியைத் தடுக்கும் இரண்டாம் உதடு இருந்தால் இரண்டுக்கும் இடையே பாதியளவு கிரீஸ். வில் தெரியும் முகம் எண்ணெயை நோக்கி. சீலின் வெளிவிளிம்பில் மட்டும் அமரும் விட்டமுள்ள குழாயோ பெரிய சாக்கெட்டோ வைத்து, நேராக, மெல்ல மெல்லத் தட்ட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மறுபக்கம் தட்டிச் சமன் செய்துகொள்ளலாம். தட்டும் ஒலியைக் கேட்டுக்கொண்டே இருந்தால், இறங்கும்வரை கூடாக ஒலிப்பது, இருக்கையில் அமர்ந்ததும் சட்டென்று கெட்டியான ஒலியாக மாறும். அதற்குமேல் ஓர் அடிகூட வேண்டாம். தண்டில் லேசான தடம் இருந்து, துளையில் இடமும் இருந்தால், பழைய ஆழத்தைவிட ஒரு மில்லிமீட்டர் முன்போ பின்போ நிறுத்தி உதட்டைத் தேயாத எஃகில் உட்கார வைக்கலாம். ஆழத்தை முன்பே அளந்துவைத்ததன் பயன் இங்கே.

ஆக்சிலைத் திரும்பச் செருகும் கணம்தான் புதுச் சீல்கள் அதிகம் சாகும் இடம். பல்வரியின் நுனிகள் கூர்மையானவை. உதட்டைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். தண்டின் எடை ஒரு நொடி உதட்டின்மேல் சாய்ந்தாலும் பல் கீறிவிடும். பிளாஸ்டிக் வழிகாட்டி உறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரு கையால் ஏந்தி, அச்சுக்கு நேராக, எங்கும் உரசாமல் நுழைக்க வேண்டும். சர்க்கிளிப் புதிதாக இருக்க வேண்டும். அதன் இடைவெளி மேல்நோக்கி இருக்கட்டும் என்று மாஸ்டாவின் பணிமனைக் கையேடுகள் சொல்லும். பற்கள் இணைந்ததும் ஓர் அழுத்தம், மறுபடி அந்த ‘டக்’. பிறகு கூட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் கிளிப் பிடிக்கவில்லை.

எண்ணெய் நிரப்புவதில் பேச அதிகமில்லை. வண்டி சமதளத்தில் நிற்க, ஊற்றுத் துளையின் விளிம்பைத் தொட்டு எண்ணெய் வழியத் தொடங்கும்வரை. இந்தச் சிறு பெட்டிக்கு முக்கால் லிட்டர்கூட வேண்டியதில்லை. அவ்வளவு குறைந்த எண்ணெய் என்பதால்தான் சொட்டுச் சொட்டான கசிவையும் அலட்சியம் செய்யக் கூடாது.

முதல் ஓட்டத்துக்குப்பின் உதட்டோரம் மெல்லிய ஈரம் தெரியலாம். தடவிய எண்ணெயும் கிரீஸும் வெளியேறுவது அது. உதடும் இன்னும் பழகியிருக்காது. நுண்மேடுகள் வெளிப்பட்டு இறைப்பு தொடங்கக் கொஞ்சம் ஓட வேண்டும். துடைத்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப்பின் பார்த்தால் போதும்.

ஒரு பக்கம் மாற்றும்போது மறுபக்கமும் அதே வயதுதானே, அதையும் மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆக்சிலை எந்தக் காரணத்துக்காகக் கழற்றினாலும் அந்தப் பக்கச் சீலைப் புதிதாக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒருமுறை பிரிந்த உதடும் தண்டும் பழைய தடத்தில் அப்படியே போய் அமராது. ஆனால் கசியாத பக்கம் உலர்ந்து, தெறித்த கோடு ஏதுமின்றி, பிரீதரும் சுத்தமாக இருந்தால் அதை நான் தொடமாட்டேன். அங்கே ஓர் உதடும் ஒரு தண்டும் கோடிக்கணக்கான சுற்றுகளில் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தியிருக்கின்றன. படலம் நிற்கிறது, இறைப்பு நடக்கிறது. அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.